குழந்தையின் தட்டும் பெற்றோரின் தவமும்

பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் தியான யோகத்தைக் கூறுவது. மனத்தை ஆன்மாவில் நிலைநிறுத்தும் நுட்பமான சாதனையை விளக்கிக்கொண்டு வருகின்ற பகவான், 16, 17 ஆகிய சுலோகங்களில் சற்றே நின்று, சாப்பாட்டையும் தூக்கத்தையும் பற்றிப் பேசுகிறார். முதன்முறையாகப் படிப்பவருக்கு இது வியப்பாக இருக்கும். தியானத்தைப் பற்றிக் கேட்க வந்த நமக்கு இவர் ஏன் சோற்றுக் கணக்குச் சொல்கிறார் என்று தோன்றும். மிகையாக உண்பவனுக்கு மட்டுமல்ல, வயிற்றைக் காயப்போடுபவனுக்கும் யோகம் கைகூடாது என்பது அவர் கருத்து. அடுத்த சுலோகத்தில் ‘யுக்த’ என்னும் சொல்லை மூன்று முறை வைத்து, உணவு, நடமாட்டம், செயல், உறக்கம், விழிப்பு ஆகிய ஐந்தையும் அதற்குள் அடக்கிவிடுகிறார். உடல் எடையைச் சீராக்குவதற்கென்று இன்றைய மருத்துவர்கள் வகுக்கின்ற வாழ்க்கைமுறைத் திட்டம் எதையேனும் எடுத்துப் பாருங்கள். என்ன உண்கிறாய், எவ்வளவு நடக்கிறாய், நாள் முழுதும் எதில் ஈடுபட்டிருக்கிறாய், எப்போது உறங்குகிறாய், எப்போது எழுகிறாய் என்ற அதே ஐந்து கேள்விகள்தாம் அங்கும் கேட்கப்படுகின்றன.

இவ்விடத்தில் ஆதிசங்கரர் தமது உரையில் ஒரு வேத வாக்கியத்தை எடுத்தாள்கிறார். அதில் வரும் ‘ஆத்ம ஸம்மிதம்’ என்ற தொடர் சிந்தனைக்குரியது. உண்பவனின் உடலுக்கும் வயதுக்கும் வேலைக்கும் பொருந்திய அளவு என்பது அதன் பொருள். அந்த அளவைக் கடந்தால் உணவே தீங்கு செய்யும், குறைந்தால் காக்காது. அளவு என்பது எல்லோருக்கும் பொதுவாக அடிக்கப்பட்ட படி அல்ல; அவரவரிடத்தில் இருப்பது. வயிற்றில் பாதியை உணவுக்கும், கால் பங்கை நீருக்கும் கொடுத்து, எஞ்சிய காலைக் காற்று உலவ விட்டுவைக்கும் பழைய மரபையும் சங்கரர் அங்கே குறிப்பிடுகிறார். அத்வைதத்தின் சிகரத்தில் நின்றவர், உடம்பு மெய்ப்பொருள் அன்று என்று நிலைநாட்டியவர், வயிற்றை நான்காகப் பிரித்துக் காட்டுவதற்குத் தயங்கவில்லை.

தமிழில் திருவள்ளுவரும் அவ்வாறே செய்தார். ‘மருந்து’ என்று தலைப்பிட்டு எழுதிய 95-ஆம் அதிகாரத்தில் அவர் ஒரு மூலிகையின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. முன் உண்டது செரித்ததா, இப்போது பசிக்கிறதா, எவ்வளவு உண்பது என்பனவற்றையே பெரும்பகுதியில் பேசுகிறார். மருத்துவர் அதற்குப் பின்னர்தான் வருகிறார்.

இவ்வளவும் வளர்ந்தவர்களுக்குச் சொல்லப்பட்டவை. அர்ச்சுனன் குழந்தை அல்லன். தன் தட்டில் என்ன விழவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை இல்லாத ஏழு வயதுக் குழந்தைக்கு ‘யுக்த ஆஹாரம்’ என்பதை யார் பொருள்படுத்துவது?

அந்தமானில் சொற்பொழிவு ஒன்று முடிந்த பிறகு ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வியால்தான் இதை எழுத நேர்ந்தது. போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த அந்நகரம் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்குகிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் மிகுதி. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களும் 1970-களில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். தீவு என்றதும் மீனும் தேங்காயும் கீரையுமாக மக்கள் இயற்கையோடு வாழ்வார்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நிலைமை வேறு. அரிசி, கோதுமை மாவு, பருப்பு, எண்ணெய் என்று பலவும் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கப்பலில் வரவேண்டும். சென்னையிலிருந்து கப்பல் சென்று சேர ஏறத்தாழ மூன்று நாள் ஆகிறது. கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால் காய்கறி விலை ஏறுகிறது. கத்தரிக்காய் மூன்று நாளில் வாடும். பிஸ்கட் பொட்டலம் வாடாது. நூடுல்ஸும் சிப்ஸும் குளிர்பானமும் எந்தப் புயலுக்கும் அஞ்சாமல் கடைப் பலகையில் காத்திருக்கின்றன. நகரத்துப் பிள்ளைகள் அங்கும் வீட்டுக்குள் கைப்பேசியோடு அமர்ந்துவிட்டார்கள்.

2019-21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயது வரையிலான ஆண்களுள் மிகை எடை உடையவர்களைக் கணக்கிட்டது. இந்திய அளவில் நூற்றுக்கு 23 பேர். தமிழ்நாட்டில் 37. அந்தமான் நிகோபார் தீவுகளில் 45. நாட்டிலேயே மிகுதி அங்கேதான். தமிழ்நாட்டு அன்பர்கள் ஆறுதல் அடைய வேண்டாம். நம் மாநிலப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அந்தக் கணக்கில் வருகிறார்கள். இவர்கள் அனைவரும் முப்பது வயதில் ஒரு நாள் திடீரென்று பருத்துவிட்டவர்கள் அல்லர். பலருக்கு எடை பள்ளிப் பருவத்திலேயே ஏறத் தொடங்கியிருக்கும்.

அந்தத் தாய் சொன்னது இது: “சுவாமிஜி, பையனுக்குப் பதினோரு வயது ஆகிறது. எடை 58 கிலோ. பள்ளியில் எல்லோரும் ‘குண்டு’ என்று கூப்பிடுகிறார்கள். டாக்டர் உணவைக் கட்டுப்படுத்தச் சொன்னார். அவனுக்கு மட்டும் இரண்டு சப்பாத்தி போட்டு வைக்கிறேன். ஆனால் புத்தகப் பைக்குள் பிஸ்கட் பொட்டலத்தை ஒளித்துவைத்துத் தின்கிறான். எங்கள் குடும்பத்திலேயே எல்லோருக்கும் பருத்த உடம்புதான். இது அவன் கர்மாதானே?”

‘அவனுக்கு மட்டும்’ என்ற சொற்களை நான் கவனித்தேன். “மற்றவர்கள் இரவு என்ன சாப்பிடுகிறீர்கள், அம்மா?” என்று கேட்டேன். பரோட்டாவும் குருமாவும் என்றார்; கணவர் கடையை மூடிவிட்டு வரும்போது வாங்கி வருவாராம்.

முதலில் கர்மத்தைப் பற்றிய கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஏனெனில் பல இல்லங்களில் அது கேள்வியாக இல்லாமல் தீர்ப்பாகவே ஆகிவிடுகிறது. வேதாந்தம் பிராரப்தத்தை மறுப்பதில்லை. நாம் தேர்ந்தெடுக்காத ஒரு தொடக்கத்துடன்தான் ஒவ்வொருவரும் பிறக்கிறோம். எடை விஷயத்தில் அந்தத் தொடக்கம் எத்தகையது என்பதை, டாக்டர் சந்தோஷ் பார்கவா முதலியோர் 2004-இல் வெளியிட்ட டெல்லி ஆய்வு ஒன்று காட்டுகிறது. பிறந்த நாள்முதல் மூன்று மாதத்திற்கோ ஆறு மாதத்திற்கோ ஒருமுறை உயரமும் எடையும் அளந்து குறிக்கப்பட்டுவந்த குழந்தைகளை, அவர்கள் 26 முதல் 32 வயது அடைந்தபோது மறுபடியும் பரிசோதித்தார்கள். அவ்வாறு பார்க்கப்பட்டவர்கள் 1492 பேர். அவர்களுள் நூற்றுக்கு 4.4 பேருக்கு அந்த இளம் வயதிலேயே சர்க்கரை நோய் இருந்தது, மேலும் 10.8 பேர் அதன் வாசலில் நின்றார்கள். இவர்கள் குழந்தையாக இருந்தபோது கொழுகொழுவென்று இருந்தவர்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. இரண்டு வயதுவரை மெலிந்திருந்தவர்கள். அதன்பின் மற்றக் குழந்தைகளைவிடச் சீக்கிரமே சதை பிடிக்கத் தொடங்கி, ஆண்டுக்காண்டு விரைந்து ஏறியவர்கள். பன்னிரண்டு வயதில்கூட அவர்களில் ஒருவரும் ‘பருமன்’ என்ற வரையறைக்குள் வரவில்லை.

இதில் பெற்றோர் கருத வேண்டியது ஒன்று உண்டு. மெலிந்து பிறந்த குழந்தையைக் கண்டு பாட்டி கவலைப்படுகிறாள். நெய்யும் சர்க்கரையும் சேர்த்து ஊட்டுகிறாள். நான்கைந்து வயதில் கன்னம் உப்பியதும், “இப்போதுதான் பிள்ளை தேறினான்” என்று திருஷ்டி சுற்றிப் போடுகிறாள். அன்பில் குறை இல்லை. ஆனால் வளர்ச்சி அட்டையில் அந்தக் கோடு வளைந்து மேலே போவதை யாரும் பார்க்கவில்லை. குழந்தை பருமனாக இருக்கிறானா என்று மட்டும் கேட்டால் போதாது. சென்ற ஆண்டிலிருந்து இந்த ஆண்டுக்குள் உயரத்திற்கு ஏற்ற அளவில்தான் எடை ஏறியதா என்று கேட்க வேண்டும்.

ஆகவே பிராரப்தம் உண்டு. ஆனால் அது எவ்வளவு தூரம் கட்டும்? தத்துவ வகுப்பில் இந்தக் கேள்விக்கு நாங்கள் பக்கம் பக்கமாக விடை எழுதியதுண்டு. டென்மார்க்கில் பள்ளிகளும் ராணுவமும் பாதுகாத்து வைத்திருந்த எடைக் குறிப்புகள் அதே கேள்விக்கு வேறொரு வகையில் விடை தருகின்றன. 62,565 ஆண்களின் எடை ஏழு வயதிலும், பதின்மூன்று வயதிலும், பிறகு இளைஞர்களானபோதும் அளக்கப்பட்டிருந்தது. 2018-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, மூன்று பருவத்திலும் மிகை எடையோடே இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, ஒருபோதும் மிகை எடை இல்லாதவர்களைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆனால் ஏழு வயதில் மிகை எடை இருந்து, பதின்மூன்றுக்குள் அது சரியாகி, இளமையிலும் அப்படியே நிலைத்தவர்களுக்கோ, அந்த வாய்ப்பு ஒருபோதும் பருக்காதவர்களுக்கு உள்ள அளவுதான். பழைய கணக்கு தீர்ந்துபோயிற்று. பதின்மூன்றுக்குப் பிறகு, இளைஞனாவதற்குள் குறைத்தவர்களுக்கு முழுவதும் தீரவில்லை. ஆயினும் குறைக்காமலே இருந்துவிட்டவர்களைவிட அவர்கள் நிலை எவ்வளவோ மேல்.

“உங்கள் மகனுக்குப் பதினொன்று. காலம் இருக்கிறது, அம்மா” என்று அந்தத் தாயிடம் சொன்னேன். குடும்பத்து உடல்வாகு அவனுக்கு வந்தது உண்மையாக இருக்கலாம். குடும்பத்துச் சமையலறையும் அதே அளவு உண்மையாக அவனுக்கு வந்திருக்கிறது. முன்னதை மாற்ற முடியாது. பின்னதை நாளை காலையிலேயே மாற்றலாம். இதைத்தான் நம் நூல்கள் புருஷார்த்தம் என்கின்றன.

யாருடைய புருஷார்த்தம் என்பதில்தான் நாம் வழி தவறுகிறோம். அமெரிக்க உளவியலாளர் லியனார்ட் எப்ஸ்டைன் முதலியோர் 6 முதல் 12 வயது வரையிலான பருமனான குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். மூன்று குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே பாடம்: என்ன உண்பது, எப்படி உடற்பயிற்சி செய்வது, பழக்கத்தை எவ்வாறு மாற்றுவது. வேறுபாடு ஒன்றே. முதற் குழுவில் பெற்றோரும் பிள்ளையும் இருவருமே தம் பழக்கத்தை மாற்றி எடையைக் குறைத்தால் பாராட்டு. இரண்டாவதில் பிள்ளை மாறினால் மட்டும் பாராட்டு. மூன்றாவதில் வகுப்புக்கு வந்து அமர்ந்தாலே போதும், பாராட்டு உண்டு. பத்து ஆண்டுகள் கழித்து, அந்தக் குழந்தைகள் இளைஞர்களாகிவிட்ட பிறகு, மறுபடியும் எடை பார்த்து 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். உயரத்திற்கு உரிய எடையைவிட எவ்வளவு மிகை என்பதே கணக்கு. பெற்றோரும் சேர்ந்து மாறிய குழுவில் அந்த மிகை 7.5 விழுக்காடு குறைந்திருந்தது. பிள்ளை மட்டும் மாற வேண்டியிருந்த குழுவில் 4.5 விழுக்காடு கூடியிருந்தது. வகுப்புக்கு வந்துபோன குழுவில் 14.3 கூடியிருந்தது. (சொற்பொழிவுக்குத் தவறாமல் வந்து, பிரசாதத்தையும் தவறாமல் பெற்றுச் செல்லும் அன்பர்கள் மூன்றாவது குழுவைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். எங்களைப் போன்ற சொற்பொழிவாளர்களுக்கும் அதில் பாடம் இருக்கிறது.)

தந்தைக்குப் பரோட்டா, மகனுக்கு இரண்டு சப்பாத்தி என்றால் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? கட்டுப்பாடு என்பது பலவீனனுக்கு விதிக்கப்படும் தண்டனை. பெரியவனானால் அதிலிருந்து விடுதலை. இந்தப் பாடத்தை அவன் நன்றாகவே கற்றுக்கொள்வான். பதினெட்டு வயதில் கல்லூரி விடுதிக்குப் போனதும் அந்த ‘விடுதலை’யை அனுபவிப்பான்.

இன்னொன்று, நம் பக்தர்களிடையே விரத உணர்வு ஆழமாக இருப்பதால் நேர்வது. ஒரு மண்டலம் விரதம் இருந்து, மாலையைக் கழற்றிய மறுநாளே பழைய வழிக்குத் திரும்பிவிடுபவர்களை நாம் அறிவோம். எடைக் குறைப்புத் திட்டங்களையும் அப்படியே மேற்கொள்கிறோம். கோடை விடுமுறையில் நாற்பது நாள் கடும் பத்தியம். பள்ளி திறந்ததும் பழைய தின்பண்டம். மீமாம்சகர்கள் கர்மங்களைக் காம்யம், நித்தியம் என்று பிரித்தார்கள். ஒரு பலனைக் கருதிச் செய்வது காம்ய கர்மம். பலன் கிடைத்ததும் அதன் வேலை முடிகிறது. சந்தியாவந்தனம் போன்ற நித்திய கர்மத்திற்கு முடிவுத் தேதி இல்லை. ஐந்து கிலோ குறைப்பது காம்யம். இரவு எட்டு மணிக்குள் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அளவோடு உண்பது நித்தியம்.

பின்லாந்தின் துர்க்கு நகரத்தில் இதை நித்திய கர்மமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். 1990-களின் தொடக்கத்தில் 1062 குழந்தைகளைச் சேர்த்து, அவர்களுள் ஒரு பாதியினருக்கு ஏழாவது மாதம் முதல் இருபதாம் வயது வரை, ஆண்டுதோறும் தவறாமல், குடும்பத்தோடு அழைத்து உணவைப் பற்றி எடுத்துச் சொன்னார்கள். பட்டினி இல்லை, மருந்து இல்லை; எந்தக் கொழுப்பு நல்லது, காயும் பழமும் எவ்வளவு என்பவைதாம். அக்குழந்தைகளின் ரத்தத்தில் தீய கொழுப்பு குறைவாக இருந்தது. வளர்ச்சியில் ஒரு குறையும் நேரவில்லை. எடையில் கண்ட வேறுபாடு அத்தனை பெரிதன்று. இதைக் கேட்டு ஏமாற்றம் அடைபவர்கள், தராசு முள்ளை மட்டுமே பலனாகக் கருதுகிறவர்கள். முள் அசையாமல் இருக்கும்போதும் உள்ளே ரத்தக்குழாய்கள் நலம் பெற்றுக்கொண்டிருக்கலாம்.

மீண்டும் தீவுகளுக்கு வருவோம். கார் நிகோபார் முதலிய தீவுகளில் வாழும் நிகோபாரி மக்கள், தாழை இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பெரிய பழத்தை மணிக்கணக்காக வேகவைத்து, நாரை நீக்கிச் சதையைப் பிசைந்து உணவாக்குவார்கள். கிழங்கு, தேங்காய், மீன், தாங்கள் வளர்த்த பன்றி ஆகியவை பிற உணவுகள். தோட்டத்தில் உழைத்து, படகு வலித்து, மரம் ஏறி ஈட்டிய உணவு. ‘துஹெத்’ என்னும் பெருங்குடும்பம் நிலத்தையும் தென்னையையும் பொதுவில் வைத்து, விருந்தானாலும் பகிர்ந்தே உண்டது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை தோப்புகளையும் வீடுகளையும் கொண்டுபோயிற்று. உயிர் பிழைத்தவர்கள் தகரக் கொட்டகைகளில் தங்கினார்கள். அரிசியும் பருப்பும் பொட்டல உணவும் நிவாரணமாக வந்தன. அன்று அவை உயிர் காத்தன, அதை மறக்கலாகாது. ஆனால் தென்னை மறுபடி வளர்ந்து காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். நாக்கு பழகுவதற்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை. நிவாரணம் தனித்தனிச் சிறு குடும்பங்களைக் கணக்கிட்டு வழங்கப்பட்டதால் துஹெத் தளர்ந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையம் கார் நிகோபாரில் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் காணப்பட்டது. இதை அவர்களின் குறையாகப் பேசுவது முறையன்று. நம் தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் கேழ்வரகும் கம்பும் தட்டை விட்டுப் போன கதையும் ஏறக்குறைய இதுவே. நமக்கு ஆழிப்பேரலை தேவைப்படவில்லை.

அதே கார் நிகோபாரில் ஒன்பது வயதில் அந்தப் பேரலையிலிருந்து உயிர் பிழைத்த டெபோரா ஹெரால்டு பின்னர் சைக்கிள் பந்தயத்தில் இந்தியாவுக்காக ஓட்டினார். அத்தீவுகளின் ஈசோ ஆல்பன் 2018-இல் சுவிட்சர்லாந்தில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். கால்பந்து அங்கே பிள்ளைகளின் உயிர்மூச்சு. சுவாமி விவேகானந்தர் 1897-இல் சென்னை இளைஞர்களிடம், கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்து ஆடுவது அவர்களைச் சொர்க்கத்திற்குப் பக்கத்தில் கொண்டுசெல்லும் என்று சொன்னதை நாம் மேற்கோள் காட்டி மகிழ்கிறோம். மாலை ஐந்து மணிக்கு நம் பிள்ளையை விளையாட அனுப்புகிறோமா, கணக்கு டியூஷனுக்கு அனுப்புகிறோமா? தேர்வுக்காக விளையாட்டை முதலில் வெட்டுவது எந்தத் தீவிலும் எந்த நகரிலும் ஒன்றுபோல் நடக்கிறது.

அந்தத் தாயிடம் நான் வேறு சிலவற்றையும் சொன்னேன். வளரும் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள்; ஏகாதசி உபவாசமும் அவனுக்கு இப்போது வேண்டாம். உடலை வதைக்கும் தவத்தைக் கீதை பதினேழாம் அத்தியாயத்தில் தாமசம் என்றே ஒதுக்குகிறது. அவன் எடை குறையாவிட்டாலும் கவலை இல்லை. பல பிள்ளைகளுக்கு எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் வளர வளர மிகை தானாகக் குறையும். எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். வீட்டில் யாரும் அவனைக் குண்டு என்று அழைக்க வேண்டாம், செல்லமாகக்கூட வேண்டாம். ‘நீ இந்த உடம்பு அல்ல’ என்று மேடையில் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு குழந்தைக்கு அவன் உடம்பையே பெயராக வைப்பது எந்த வேதாந்தம்? ஒளித்துத் தின்பவன் பசியால் மட்டும் தின்பதில்லை, அவமானத்தாலும் தின்கிறான். பெண் குழந்தையானால் இந்த அவமானம் ஒரேயடியாக உண்ணாமல் இருப்பதிலும் கொண்டுபோய் விடலாம்.

பிஸ்கட் பொட்டலத்தைப் பையில் தேடிப் பிடுங்குவதைவிட, வீட்டில் வாங்காமல் இருப்பது எளிது. கணவர் கடையை மூடிவிட்டு வரும் வழியில் வாங்குவதை நிறுத்தட்டும். அவருக்கும் அந்த இரண்டு சப்பாத்தியும் காயும் வையுங்கள். “அவர் ஒப்புக்கொள்ள மாட்டாரே, சுவாமிஜி!” என்றார் அந்த அம்மையார். அதுதான் இல்லறத்தாரின் தவம் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவரையும் நாளைக்கு அழைத்து வரட்டுமா?” என்று கேட்டார்.

வெளியிலிருந்தும் இப்போது சில உதவிகள் உண்டு. மிகுந்த கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் உள்ள தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்று 2020-இல் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்தது. 2025 மே மாதத்தில் சி.பி.எஸ்.இ. நிறுவனம் தன் பள்ளிகள்தோறும் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கும்படி ஆணையிட்டது. பிள்ளைகள் வழக்கமாகக் குடிக்கும் பானத்திலும் தின்னும் பண்டத்திலும் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு போதும் என்பதை அதில் எழுதிவைக்க வேண்டும். அந்தமான் தீவுகளின் பள்ளிகள் பெரும்பாலும் அந்த வாரியத்தைச் சேர்ந்தவை. அடுத்த பெற்றோர் கூட்டத்திற்குச் செல்லும்போது அந்தப் பலகை எந்தச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கணவரையும் அழைத்துச் செல்லுங்கள்.